உருண்டைக் கள்ளியும் நீலச் சட்டையும்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போக வேண்டாம். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சங்கத்தில் சேருவார்கள், ஏதாவது கட்சிக்காரரின் மச்சானைப் பிடிப்பார்கள். நான் ஒரு கள்ளிச் செடியைப் பிடித்தேன். அதுவும் எப்படிப்பட்ட கள்ளி? போன வருஷம் எடுத்த போட்டோவையும் இந்த வருஷம் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எந்த வருஷம் என்று பந்தயம் கட்டலாம். அப்படி வளர்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று நம்பினேன்.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில். பட்டைகளைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி எடுக்கும் ஃபர்னஸ் என்னுடையது. என்னுடையது என்பது வாய்ப்பழக்கம்தான். நானே அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவன் இல்லை; கான்ட்ராக்டர் ஆள். எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, பையின் மேல் கம்பெனி முத்திரை. ஒரே சூடு, ஒரே வேர்வை. ஆனால் கேன்டீனில் நீலத்துக்கு நாற்காலி, சாம்பலுக்கு பெஞ்சு. கான்ட்ராக்டரை அவ்வப்போது மாற்றுவார்கள். மாற்றும்போது எங்களுக்குப் புது கேட் பாஸ் வரும். அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தோடு போச்சு. அன்றைக்குத்தான் பிறந்த குழந்தை மாதிரி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரே கேட்டுக்குள் நான் பலமுறை பிறந்திருக்கிறேன்.

வீடு கவரைப்பேட்டையில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வாடகைக்கு. என் மனைவிக்கு நகை ஆசை, பட்டு ஆசை எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஆசை. அந்த நீலச் சட்டையைத் தன் கையால் துவைத்து, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட வேண்டும். காரணம் அவளுடைய அண்ணன். அவர் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பெர்மனென்ட். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் கம்பெனிச் சட்டையோடுதான் வருவார், ஞாயிற்றுக்கிழமையில்கூட.

"எங்கண்ணன் வேல செய்யற எடமே ஒரு ஷெட்டுதான். அதுல அது பெர்மனென்ட். உன் கம்பெனி எம்மாம் பெருசு, அதுல உனக்கு ஒரு எடம் இல்லியா?" என்பாள்.

"பெரிய கம்பெனின்னா க்யூவும் பெருசுமே. மெதுவாத்தான் நவுரும்."

"நீ க்யூல நிக்கிறியா, இல்ல பக்கத்துல நின்னு டீ குட்ச்சிக்கினு கீறியா?"

இதற்குப் பதில் சொல்ல நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கள்ளி வந்தது.

அது ஜி.எம். சாருடையது. ஆபீஸ் வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். உருண்டையாக, வரிவரியாக, தங்க நிறத்தில் முள். மகள் பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வாங்கினாராம். மகள் காலேஜுக்குப் போகும்போது அது ஒரு கால்பந்து அளவுக்கு வந்திருந்தது. போகிற ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவார். சாருக்குத் தலையில் முடி கிடையாது, செடிக்குத் தலை முழுக்க முள். மற்றபடி இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான் என்பதால் ஷாப்பில், அதாவது எங்கள் பட்டறைக்குள், அதற்கு 'ஜி.எம். மண்டை' என்று பெயர். அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஐப்பசி மழையில் பாஸ் விஷயமாக ஆபீஸ் பக்கம் போனேன். ஜி.எம். சார் தொட்டி முன்னால் குனிந்து, செடியின் அடியைப் பேனாவால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா உள்ளே போனது. அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் தோட்ட வேலை பார்க்கும் அக்கா, கையில் ஓஸ் பைப்போடு.

"டெய்லி தண்ணி ஊத்துனியாம்மா?" என்று கேட்டார்.

"ஊத்தாம இருப்பனா சார்? ஒரு நாள் வுட்டதில்ல. மழ பேஞ்சா கூட ஊத்திக்கினுதான் கீறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டியவன் நான். ஆனால் என் வாய்க்குக் கேட் பாஸே தேவையில்லை, எங்கேயும் நுழையும்.

"அதுக்கு தாகம் இல்ல சார், ஜலதோஷம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "உனக்கு இதப் பத்தித் தெரியுமா?"

"ஊட்ல நாலு வெச்சிக்கீறேன் சார்."

வீட்டில் ஒன்றுகூட இல்லை. ரயில்வே லைன் ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி ஒரு புதர் உண்டு. அதை நட்டது யார் என்று ரயில்வேக்கே தெரியாது.

"காப்பாத்த முடியுமா?"

"பண்லாம் சார்."

எங்கள் தொழிற்பேட்டையில் இந்த ஒரு சொல்லில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. இரண்டு ஆள் வேலையை ஒருத்தன் பண்ண முடியுமா? பண்லாம் சார். உடைந்த செயினோடு ஷிஃப்டை ஓட்ட முடியுமா? பண்லாம் சார். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவன் யாரும் அங்கே சாம்பல் சட்டை போட்டதில்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் போகும்போதே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டேஷன் வந்தது தெரியாமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தேன். பார்த்ததில் புரிந்தது இதுதான்: வேர் அழுகிவிட்டால் மண்ணைவிட்டு எடுத்து, அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவ வேண்டும். பிறகு காயம் ஆறும்வரை தண்ணீரே காட்டாமல் உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

மறுநாள் சாக்குப் பையைச் சுற்றிச் செடியைத் தூக்கினேன். ஹேக்ஸா பிளேடால் அடியைச் சீவினேன். பழுப்பு, பழுப்பு, பிறகு தர்பூசணித் தோலின் உள்பக்கம் மாதிரி வெள்ளை. வீட்டிலிருந்து எடுத்துப்போன மஞ்சள்தூளைக் காயத்தில் அப்பினேன். அதெல்லாம் சரி, உலர்ந்த இடத்துக்கு எங்கே போவது? வெளியே விடாத மழை. கும்மிடிப்பூண்டி முழுக்க ஈரம் இல்லாத ஒரே இடம் என் ஃபர்னஸ் பக்கம்தான். வாட்டிய பட்டைகள் வெளியே வரும் வாயருகில், நாங்கள் நனைந்த சட்டையைக் காயப்போட்டு, டிபன் பாக்ஸைச் சூடு பண்ணுகிற மூலையில், ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்.

என்னோடு அதே ஃபர்னஸில் ஒருத்தன் இருந்தான். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள். பெரியவர், சின்னவர், சூப்பர்வைசர், நாய், எல்லாரும் அவனுக்கு நைனா. வந்து பார்த்தான்.

"இன்னா நைனா, பலாப்பழம் சுடுறியா?"

"பெர்மனென்ட் சுடுறேன். வெந்ததும் உனக்கும் ஒரு சொளை தர்றேன்."

எங்கள் ஷாப்பில் சீட்டு இல்லாமல் ஒரு பொருள் தரையில் இருக்கக் கூடாது. பாஸ் ஆனதற்குப் பச்சைச் சீட்டு, கழித்ததற்குச் சிவப்பு, முடிவு தெரியாமல் நிறுத்தி வைத்ததற்கு மஞ்சள். அவன் போய் ஒரு மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து முள்ளில் மாட்டினான். அந்த வாரம் பார்த்து, எங்களிடம் பட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்தார். ஸ்டூல் முன்னால் நின்றார். சீட்டைப் படித்தார். கள்ளியைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"இது என்ன?"

"ட்ரையல் பீஸ் சார்" என்றேன்.

பின்னால் நின்ற எங்கள் சூப்பர்வைசருக்கு உயிர் பாதி போய்விட்டது. ஆடிட்டர் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

காயம் ஆறி, குதிகால் தோல் மாதிரி கெட்டியானது. செங்கல் உடைசல், சிப்ஸ் ஜல்லி, பேருக்குக் கொஞ்சம் மக்கிய எரு கலந்து தொட்டியில் திரும்ப உட்கார வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தோட்டத்து அக்கா தினமும் ஓஸ் பைப்போடு வந்து தொட்டியைச் சுற்றுவாள். "செடின்னா தண்ணி ஊத்தாம பாட்டா பாடுவாங்க?" என்று முணுமுணுப்பாள். தை பிறந்து ஒரு நாள் குச்சியால் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை. வேர் பிடித்துவிட்டது.

ஜி.எம். சார் என் தோளில் கை வைத்தார். எண்ணெய் படிந்த சாம்பல் சட்டைத் தோளில், அவர் கை.

"உன் விஷயம் என் மைண்ட்ல இருக்குப்பா" என்றார்.

நான் வானத்தில் மிதந்தேன். என்ன விஷயம் என்று நான் அவரிடம் அதுவரை சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பெர்மனென்ட் என்று வாயால் சொன்னது அதற்கப்புறம்தான், ஒரு நாள் தொட்டியைத் துடைத்துக்கொண்டே. "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் ஒரு செடியைக் காப்பாற்றிய நல்ல மனிதன். ஆனால் சாருக்கு இன்னொரு ஆசை வந்தது. அதற்குக் குட்டி வேண்டும். ஒன்று சாகப் பார்த்ததே, இன்னும் சில இருந்தால் நல்லது. ஹெட் ஆபீஸில் பெரியவர்களுக்கும் கொடுக்கலாம். இந்த ஜாதிக் கள்ளி தானாகக் குட்டி விடுவது அபூர்வம், விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும் என்று அவரே படித்துச் சொன்னார், விதைப் பொட்டலம் ஒன்றை வரவழைத்தும் கொடுத்தார்.

"பண்லாம் சார்" என்றேன்.

மொட்டை மாடியில் ஆரம்பித்தது என் பண்ணை. மூடி போட்ட பிளாஸ்டிக் ஸ்வீட் பாக்ஸ்களில் சலித்த மணலும் செங்கல் தூளும் போட்டு, ஈரம் காட்டி, கடுகைவிடச் சின்ன விதையைத் தூவி, மூடி வைத்தேன். கொஞ்ச நாளில் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பூஞ்சக்காளான் மாதிரி கீது."

"இதுதான்மே அந்தப் பெரிய செடி."

"எப்போ?"

ஒரு வருஷம் போனது. புள்ளி பட்டாணி ஆனது. அவ்வளவுதான். எங்கள் ஊரில் விடிந்தால் மாடி முழுக்கக் கரித்தூள் படிந்திருக்கும், இரும்பு உருக்கும் கம்பெனிகளின் உபயம். துவைத்த துணியை உதறினால் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அந்தத் தூள் செடிக் குஞ்சுகளின் மேல் படிந்தால் மூச்சு அடைக்குமே என்று, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துவிடுவேன். ஒரு நாள் மனைவி துணிக் கூடையோடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தலவலின்னா ஒரு நாள் நெத்தியத் தொட்டுப் பாத்துக்கீறியாய்யா?"

"நீ முள்ளு இல்லாம இருந்தா தொட்டுப் பாக்கலாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். என்னுடைய பெரிய வியாதி இதுதான். எந்த இடத்தில் சிரிக்க வைக்கக் கூடாதோ, அந்த இடத்தில் சரியாகப் போய் நிற்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. ஸ்வீட் பாக்ஸ்கள் பறந்தன. பக்கத்துத் தெரு சாக்கடையில் ஒரு மூடி கிடைத்தது, அதிலிருந்த பட்டாணிகள் கிடைக்கவில்லை. மாடியில் தப்பியவையும் அழுகின. விரல் விட்டு எண்ணும்படி சில மிஞ்சின. ஜி.எம். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாசலுக்கு வந்து பெரிய செடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, தலையின் நடுவில் வளர்ச்சி நடக்கும் இடத்தைத் துளைத்து எடுத்துவிட்டால் செடி பயந்துபோய்ப் பக்கத்தில் குட்டி விடும் என்று தான் படித்ததைச் சொன்னார்.

"ஆனா மேல போக வேண்டிய வளர்ச்சி அத்தோட சரி. யாருக்காவது தைரியம் வேணும்."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

டூல் ரூமில் வைத்து அந்த ஆபரேஷன். டிரில் பிட்டை ஸ்பிரிட்டில் கழுவி, செடியைச் சாக்கில் சுற்றி மேசையில் இறுக்கிப் பிடித்தோம். சாப்பாட்டு நேரம் என்பதால் பாதி ஷாப் வேடிக்கை பார்த்தது. ஜி.எம். சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நைனா, மண்டைல ஓட்ட போடறதுக்கு மின்ன மயக்க ஊசி போட்டியா?" என்றான் என் ஃபர்னஸ் கூட்டாளி.

"செடிக்கா, சாருக்கா?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். சார் திரும்பவில்லை.

டிரில் உள்ளே போனது. பச்சைத் துருவல் சுருள் சுருளாக வந்தது, இரும்பில் வருகிற மாதிரியே. தலையில் குழியோடு அந்தச் செடியைத் திரும்ப என் ஃபர்னஸ் மூலைக்குக் கொண்டுபோய்க் காய வைத்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதங்களில் நான் யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை என்று கூட்டாளி இன்றும் சொல்லுவான். பிறகு ஒரு நாள் குழியைச் சுற்றி, முள்ளுக்கு அடியில், சின்னச் சின்ன வீக்கம். பிறகு அதில் பொன் நிறத்தில் பிஞ்சு முள். மெதுவாக, மிக மெதுவாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தன. எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. சொந்தப் பிள்ளை பிறந்தபோது நான் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தேன்.

இதற்குள் வேறு சில காரியங்களும் நடந்தன. நான்தான் குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. குட்டியைப் பிரிப்பது, காயவைப்பது, வேர்விட வைப்பது, பீங்கான் தொட்டி மாற்றுவது என்று ஷிஃப்டில் பாதி நேரம் ஆபீஸ் வாசலில் போனது. "நீ போ நைனா, நா பாத்துக்கிறேன்" என்று ஃபர்னஸைக் கூட்டாளி பார்த்துக்கொண்டான். வெப்பம் குறிப்பது, எண்ணெய் பார்ப்பது, எல்லாம் அவன் கைக்குப் போனது. ஆளைக் குறைக்கிறோம் என்று தோட்டத்து அக்காவை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என் கையில் ஓஸ் பைப்பைக் கொடுத்தாள்.

"உங்கிட்ட குடுக்கச் சொன்னாங்கபா. பாத்து, ரொம்ப ஊத்திப் பூடாத" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். புல்தரைக்கும், குரோட்டன்ஸுக்கும், கேட் ஓரத்து அரளிக்கும் நான் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கள்ளிக்கு நான் வைத்தேன், விரல் முழுக்க முள்ளோடு. குட்டிகள் ஒவ்வொன்றாக ஹெட் ஆபீஸுக்கும், பெரிய பெரிய கஸ்டமர்களுக்கும் போயின. ஏசி ரூம்களில் என் வளர்ப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை நினைத்து நான் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போவேன். எதிர் சீட்டில் இருப்பவர் பையை மடியில் இறுக்கிக்கொள்வார்.

பிறகு கான்ட்ராக்டர் மாறினார். வழக்கம்போல நாங்கள் பிறந்தோம். இந்த முறை பாஸில் நாடா நிறம் பிரித்துக் கொடுத்தார்கள். மெஷினில் நிற்பவர்களுக்குச் சிவப்பு. கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் தோட்டத்துக்கும் பச்சை. எனக்குக் கிடைத்தது பச்சை. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே கழுத்தில் போட்டுக்கொண்டேன். பச்சை எனக்கு எடுப்பாகவும் இருந்தது.

அதே மாதத்தில் அறிவிப்பு வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை டெஸ்ட் வைத்து பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், இரண்டு பேட்ச்சாக. நான் ஹெச்.ஆர். மேடத்திடம் போனேன். சின்ன வயசு, மரியாதையான பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அண்ணா, டெஸ்ட் ஆப்பரேட்டர்ஸுக்கு மட்டும்தான். நீங்க கார்டனிங்."

"நா ஃபர்னஸ்மா. கழுத்துல தப்பா மாட்டிட்டாங்க."

"தப்பில்லண்ணா. போன தடவை ஆள் குறைச்சப்போ உங்க பேரும் போக வேண்டியது. ஜி.எம். சார்தான், 'செடி பாக்கற ஆளை விட்டுடாதீங்க'ன்னு சொன்னாரு. கார்டனிங்ல ஒரு எடம் காலியா இருந்துச்சு, அதுல போட்டுட்டோம். நீங்க சந்தோஷப்படணும்ண்ணா."

நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சார் மனதில் என் விஷயம் இருந்ததென்னவோ நிஜம்தான். அவர் மனதில் இருந்த நான், கையில் ஓஸ் பைப்போடு இருந்திருக்கிறேன்.

முதல் பேட்ச்சில் என் கூட்டாளி பாஸ் ஆனான். நீலச் சட்டையில் முதல் நாள் வந்தவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"உன்னாலதான் நைனா" என்றான், தொட்டிப் பக்கம் வந்து நின்று. "தனியா ஃபர்னஸ் ஓட்டத் தெரியுமான்னுதான் இன்டர்வியூல கேட்டாங்கோ. நீ இங்க இருந்ததால நாந்தானே ஓட்னேன். கட கடன்னு சொல்லிட்டேன்."

"அப்ப பாதி சட்ட எனக்கு. கை பக்கத்த வெட்டிக் குடு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நாற்காலிப் பக்கம் சாப்பிடப் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கே வந்தான். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாம் பேட்ச் பாக்கி இருந்தது. அதற்குள் ஜி.எம். சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் போவதற்குள் ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பச்சை சிவப்பாகிவிடும், நான் டெஸ்ட் எழுதலாம். மெமோ வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஒரு வார்த்தை. புது ஜி.எம். வந்தால் அவருக்கு நான் வெறும் தோட்டக்காரன். இரண்டு முறை அவர் அறை வாசலில் போய் நின்றேன். இரண்டு முறையும் உள்ளே ஆள்.

கடைசி நாள் காலையில் மனைவி எனக்கு நாஷ்டா வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்காருவதில்லை.

"இன்னிக்காவது கேட்டுடுவியா?"

"கேட்டுடுவேன்."

"இளிக்காத. இளிச்சிக்கினு கேட்டா எவனும் நெசம்னு நெனைக்க மாட்டான். உன்னால நாங்க படற பேஜாரு அவுருக்குத் தெரியாது. மூஞ்ச நேரா வெச்சிக்கினு, 'சார், எனக்கு இது வோணும்'னு கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத."

"அதுக்கு மேல பேசுனா?"

"பாத்தியா, இப்பவே இளிக்கிற."

அவள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன். ரயிலில் நின்றுகொண்டே அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஜோக் இல்லாத ஒரு வாக்கியத்தை நான் அவ்வளவு நேரம் மனப்பாடம் செய்தது அதுவே முதல் தடவை.

மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், மைசூர்பாகு கொடுத்தார்கள். நீலச் சட்டைகள் முன்வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. எல்லாம் முடிந்து சாயங்காலம் அவர் காரை ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். கள்ளியை ஏற்ற வேண்டும். அது வேறு யார் வேலை?

சாக்கைச் சுற்றி இரண்டு கையாலும் தூக்கினேன். தொட்டியோடு நல்ல கனம். குழி விழுந்த தலையும், அதைச் சுற்றிப் பிரிக்காமல் விட்ட குட்டிகளுமாக, பார்க்க ஒரு தினுசாக இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜி.எம். சாரே பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சுற்றிலும் யாரும் இல்லை. நான் பாதி உடம்பைக் காருக்குள் நுழைத்துக் குனிந்திருந்தேன். முள் சாக்கைத் தாண்டி முழங்கையில் குத்திக்கொண்டிருந்தது. இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது.

தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சிரிக்கவில்லை.

"சார், நான் ஃபர்னஸ் ஆளு சார். தோட்டத்து ஆளு இல்ல. ஹெச்.ஆர்.கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். டெஸ்ட் எழுத வுட்டா போதும். எனக்கு பெர்மனென்ட் வோணும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கைக்கு அடியில் பார்த்தார்.

"சீட்ல முள்ளு படாம வை" என்றார்.